பொட்டலத்தில் ஒரு முடி

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எல்லோரும் அவளை ஜடை என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அவளுடையது. வேலைக்கு வந்ததும் அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, எட்டு ஊசி குத்தி, வலைத்தொப்பி மாட்டி, அதற்கு மேல் துணித்தொப்பியும் போட்டுக்கொள்வாள். பார்ப்பதற்குத் தலையில் பானையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நான்கு வருஷமாக அப்படித்தான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

கோடை முடிந்து காற்று கொஞ்சம் மாறியிருந்த சமயம். இரண்டே வாரத்தில் மூன்று புகார்கள் வந்தன. மூன்றிலும் கடிதத்தோடு பிஸ்கட் உறை, அதில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு முடி.

சூப்பர்வைசர் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உன்னோடதுதான்னு நான் சொல்லலம்மா. ஆனா இந்த லைன்லயே நீளமான முடி உனக்குத்தானே? மேல கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லியாகணும்.”

“ரெண்டு தொப்பி போடுறேன் மேடம்.”

“போட்டும் விழுதே. கொஞ்ச நாள் அட்டைப்பெட்டி ஸ்டோர்ல இரு. அப்புறம் பாத்துக்கலாம்.”

மாற்றல் தாளில் ‘காரணம்: தலைமுடி விஷயத்தில் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்டோரில் வேலை சுலபம். பெட்டிகளை எண்ணி அடுக்க வேண்டும், கேட்கும்போது தள்ளுவண்டியில் ஏற்றிவிட வேண்டும். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மதியம் சாப்பிடும்போது, தினமும் பக்கத்தில் உட்காரும் தோழி தன் டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. தெரிந்து செய்தாளோ, தெரியாமல் செய்தாளோ, இவள் பாதிச் சாப்பாட்டிலேயே தன் டப்பாவை மூடிவிட்டாள்.

அதைவிட மோசம், அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்ததுதான். வீட்டில் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. தலையணையில், சட்டைத் தோளில், தரையில் எங்கு பார்த்தாலும் முடி. ஒருநாள் காலையில் உட்கார்ந்து எண்ணினாள். நூற்று நாற்பதைத் தாண்டியதும் பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

எலக்ட்ரீஷியனான அவள் கணவன் குளியலறைத் தண்ணீர்க் குழியைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தான். ஈரமாக ஒரு முடிப்பந்து வெளியே வந்தது.

“ஏங்க, எனக்கு ஏதாவது வியாதியா இருக்குமோ?”

“உனக்கா? நேத்து கேஸ் சிலிண்டரைத் தனியா மாடிக்குத் தூக்கிட்டு வந்தியே, உனக்கா வியாதி?”

“விளையாடாதீங்க. வெட்டிடலாம்னு இருக்கேன்.”

அவன் கம்பியைக் கீழே வைத்தான். “உனக்குப் பிடிச்சு வெட்டினா வெட்டு. அவங்க சொன்னாங்கன்னு வெட்டாத” என்றான்.

ஆனாலும் விடுமுறை நாளில் அழகு நிலையத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே முடி வெட்டும் அக்கா அவளைப் பல வருஷமாகத் தெரிந்தவர். பின்னலை அவிழ்த்து, நுனியிலிருந்து வேர் வரை விரலால் அளைந்து பார்த்தார்.

“தோளோட வெட்டிடுங்கக்கா. கொட்டுது.”

“இந்த மாசம் யாருக்குத்தான் கொட்டல? காலையிலேர்ந்து நீ ஆறாவது ஆள். போன வருஷமும் இதே சமயத்துல வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து இதே அழுகைதான் அழுத. மறந்துட்டியா?”

“நானா?”

“நீயேதான். நுனி மட்டும் வெட்டி அனுப்பினேன். வெயில் காலத்துல தலையில ஒட்டிட்டு இருக்கிறதெல்லாம் வெயில் முடியிற சமயத்துல உதிரும். தோல் டாக்டர் ஒருத்தங்க என்கிட்டதான் வெட்டிக்கிறாங்க, அவங்களும் இதையேதான் சொன்னாங்க. ரெண்டு மூணு மாசத்துல தானா குறைஞ்சிடும். குறையலன்னா, இல்ல சொட்டையா தெரிஞ்சா, அப்ப டாக்டர்கிட்ட போ.” அக்கா கத்தரியை எடுக்கவே இல்லை. “இன்னிக்கு வெட்ட மாட்டேன். கோபத்துல வர்றவங்களுக்கு நான் வெட்டுறதில்ல.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. எல்லோருக்கும் இந்த மாதங்களில்தான் உதிர்கிறது என்றால், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கம்பெனிக்குப் புகார் வந்திருக்க வேண்டுமே?

பழைய புகார்க் கோப்புகள் அவள் வேலை பார்த்த அதே ஸ்டோரின் மேல்தட்டில் கிடந்தன. ஆனால் அவற்றைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. மறுநாள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனாள். தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதர். கம்பெனி முழுக்க அவருக்குப் பௌர்ணமி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவள் சொன்னதைக் கேட்டு அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “முடி விஷயத்துல என்னைச் சந்தேகப்பட முடியாதுங்கிறதால என்கிட்ட வந்தியா?” என்று சிரித்தார். பிறகு ஏணியை எடுத்து வரச் சொன்னார்.

ஏழு வருஷத்துக் கோப்புகளைத் தரையில் பரப்பினார்கள். அவர் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் ஒரு அட்டையில் மாதவாரியாகக் கோடு போட்டாள். வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கோடுகள் கோடை முடியும் இரண்டு மாதங்களில் மட்டும் நெருங்கி நின்றன. ஒவ்வொரு வருஷமும். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய மூன்று வருஷங்களிலும்.

“இது ஏன் எனக்குத் தோணல?” என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். “இது இன்னிக்குக் காலையில வந்தது. பேக்கிங் தேதியைப் பாரு.”

அவளை ஸ்டோருக்கு மாற்றி ஒன்பது நாள் கழித்துப் போட்ட பொட்டலம் அது.

இருவரும் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்கள். பௌர்ணமி அட்டையை மேஜைமேல் வைத்தார், பக்கத்தில் உறையையும் வைத்தார். சூப்பர்வைசர் அம்மா தேதியைப் பார்த்தார். செலோடேப்பில் இருந்த முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரல் நீளம்தான் இருந்தது. செம்பழுப்புச் சாயம், வேர்ப்பக்கம் மட்டும் அரை அங்குலம் வெள்ளை.

அறையில் அந்த மாதிரி தலை ஒன்றுதான் இருந்தது.

அதைச் சொல்லிவிட ஜடைக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்த அம்மாளின் கை தானாகக் காதோரம் போனதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. பௌர்ணமி ஜன்னல் வழியாக எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை லைன்ல நடக்கிறேன்” என்றார் சூப்பர்வைசர் அம்மா மெதுவாக. “வலை போடுறதில்ல. தொப்பி மட்டும்தான்.” உறையைக் கீழே வைத்துவிட்டு, “நாளையிலேர்ந்து லைனுக்கு வந்துடும்மா” என்றார்.

“வர்றேன் மேடம். ஆனா அந்தத் தாள்ல எழுதியிருக்கிறது?”

“எது?”

“கவனக்குறைவுன்னு. அது என் ஃபைல்ல இருக்கக் கூடாது.”

சூப்பர்வைசர் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, புதிய தாளில் ‘முந்தைய மாற்றலுக்குச் சொன்ன காரணம் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய தாளை ஃபைலிலிருந்து உருவி அவள் கையிலேயே கொடுத்தார். அவள் அங்கேயே கிழிக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போய், வெளியே குப்பைத்தொட்டியில் நாலாகக் கிழித்துப் போட்டாள்.

அடுத்த வாரமே நுழைவாசலில் ஒரு கண்ணாடியும், துணியில் ஒட்டிய முடியை எடுக்கும் பசை உருளைகளும் வைத்தார்கள். அன்றிலிருந்து யாராக இருந்தாலும் வலை, தொப்பி இரண்டும் போட்டு, சட்டையில் உருளையை உருட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதுகுப்பக்கம் தன் கைக்கு எட்டாது என்பதால் ஒருவருக்கொருவர் உருட்டிவிட்டுக்கொண்டார்கள். முதல் நாள் தோழி வந்து ஜடையின் முதுகில் தேவைக்கு அதிகமாகவே உருட்டினாள். “போதும்டி, தோல் உரியப்போகுது” என்றாள் ஜடை. அன்று மதியம் இரண்டு டப்பாக்களும் ஒட்டி இருந்தன.

புகார் ஒரேயடியாக நிற்கவில்லை. அந்தப் பருவத்தில் இன்னும் ஒன்று வந்தது. யாருடைய முடி என்று யாரும் கேட்கவில்லை. குளிர் தொடங்கியபோது ஜடையின் சீப்பில் வழக்கமான நாலைந்து முடிகள்தான் வந்தன. ஒருநாள் வேலை தொடங்கும் நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா கண்ணாடி முன்னால் நின்று வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த ஊசி எப்படிம்மா குத்துற? எனக்கு நிக்கவே மாட்டேங்குது.”

“குனிங்க மேடம்” என்றாள் ஜடை. நான்கு ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.