மொகல் தெரு மாடியில் இறங்கிய மலையூர்

1926ஆம் வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, ரங்கூன் மொகல் தெருவில் அப்துல் பாரி மரைக்காயரின் குடைக்கடைக்கு மேலே இருந்த மொட்டை மாடியில், பிரான்சு தேசத்து மலையூர் ஒன்று மலையோடு வந்து இறங்கியது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. காயப்போட்டிருந்த வற்றல் மிளகாய் மட்டும் கொஞ்சம் நசுங்கியது. ஊர் என்றால் சின்ன ஊர்தான். உச்சியில் ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கல் வீடுகள், ஒரு ரொட்டிக் கடை, சரிவில் திராட்சைத் தோட்டம், எல்லாவற்றையும் வளைத்து ஒரு மதில். நகராட்சி ஓவர்சியர் வந்து அண்ணாந்து பார்த்தார். அனுமதித்த உயரத்தைவிடக் கூடுதல் என்று எழுதிக்கொண்டு, ஒரு குடையையும் இனாமாக வாங்கிக்கொண்டு போனார். ஊரின் பெயர் மூக்கால் சொல்ல வேண்டிய பெயர். மொகல் தெருவில் யாருக்கும் அவ்வளவு மூக்கு இல்லாததால் எல்லோரும் மேலூர் என்றே சொன்னார்கள்.

அது ஏன் வந்தது என்பதைத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் காரைக்கால் பர்கத்துல்லா கேட்டுச் சொன்னார். அந்தத் தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மேலூர் யாத்திரைப் பாதையில் இருந்த ஊர். எழுநூறு எண்ணூறு வருஷமாக ஜனங்கள் தடி ஊன்றி, தொப்பியில் கிளிஞ்சல் தைத்துக்கொண்டு, அந்த மலையேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு ரயில் வந்தது, யுத்தம் வந்தது, பாதையில் புல் முளைத்தது. கால்கள் வராத இடத்தில் அந்த மாதிரி ஊருக்கு நிற்க முடியாதாம். உலகத்தில் எங்கே நிறையக் கால்கள் வந்து இறங்குகின்றன என்று விசாரித்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறது. ரங்கூன் துறைமுகத்தில் ஒவ்வொரு கப்பலும் கொட்டிய கால்களைப் பார்த்திருந்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

உடனே தெரு களைகட்டிவிட்டது. விசாகப்பட்டினத்து மூட்டைத் தொழிலாளிகள், தாமரை மொட்டு ஏந்திய பர்மியப் பெண்கள், ஆற்றுக்கு அக்கரை தன்லியினிலிருந்து படகில் வந்த எண்ணெய் ஆலைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் குடைக்கடைக்குள் நுழைந்து, மாடிப்படி ஏறி, மலையும் ஏறியது. மேலே டிசம்பர் குளிர் அடித்ததால் கம்பளிக்குக் கிராக்கி வந்தது. மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் மா சேன் தன் அண்டாவைக் கோயில் வாசலுக்கே மாற்றிக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நடந்து வந்தவர்கள் கண்ணுக்குத்தான் மேலூர் தெரியும். லேவாதேவிக்காரர் பழனியப்பன் ரிக்ஷாவில் வந்திறங்கி மாடி ஏறியபோது அங்கே ஒரு கொடியும் அதில் காய்கிற கைலியும்தான் இருந்தன. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டு, மலையின் நடுவயிற்றுக்குள் புகுந்து மறுபக்கமாக நடந்து போனார்.

அப்துல் பாரிக்கு வியாபாரம் பெருகியது. ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது மதிலின் மேற்குப் பக்கம். அங்கே நின்று பார்ப்பவருக்கு, யாத்திரைப் பாதையின் மறுசரிவும், அதன் அடியில் அவரவர் விட்டு வந்த ஊரும் தெரியும். மூட்டைத் தொழிலாளிகள் விசாகப்பட்டினத்தைப் பார்த்து அழுதார்கள். அப்துல் பாரி பார்த்தபோது அதிராம்பட்டினம் தெரிந்தது. உப்பளம், தென்னந்தோப்பு, பள்ளிவாசல் மினாரா, அதற்குப் பின்னால் தன் வீட்டுக் கிணற்றடி.

அந்த வீட்டில் மதீனா பீவி இருந்தாள். கல்யாணம் முடிந்த மறுமாதம் கப்பலேறியவர் அவர். அவள் வாப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. "கடல்ல கால் வைக்க மாட்டேன். தரையில நடந்து வர வழி இருந்தாச் சொல்லி அனுப்புங்க, மறுநாளே வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அவர் கடுதாசியில் பேரம் பேசினார். நிரந்தரமாக வேண்டாம், மூன்று வருஷம் இருந்தால் போதும் என்று ஆரம்பித்து, இரண்டு, ஒன்று, அடுத்த நோன்புவரையாவது என்று இறங்கினார். அவள் இறங்கவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு இங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. அப்துல் பாரிக்கு இல்லை. அதை மனைவிமேல் உள்ள பற்று என்று யாரும் நினைக்கவில்லை, கஞ்சத்தனம் என்றே நினைத்தார்கள்.

அவர் மதில்மேல் ஏறி நின்று, "மதீனா! வழி வந்துருச்சு!" என்று கூவினார். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. கிணற்றடியில் ஓர் உருவம் நிமிர்ந்து, தென்னந்தோப்புக்குப் பின்னால் புதிதாக முளைத்திருந்த மலையைப் பார்த்தது. உள்ளே போய், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மூட்டையோடு வெளியே வந்து, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தது.

இதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் மொகல் தெருவில் தொழில் படித்தவருக்கு, விலை பேசாத சரக்கு சொந்தச் சரக்கு ஆகாது. அப்துல் பாரி பர்கத்துல்லாவை இழுத்துக்கொண்டு, கோயில் மணியும் ஊர்ப் பொறுப்பும் வைத்திருந்த முசியே ஒனோரேயிடம் போனார்.

"என் பொஞ்சாதி இந்த வழியா வர்றா. என்ன வேணும்னு கேளு."

ஒனோரே மீசையைத் தடவிக்கொண்டு சொன்னதைப் பர்கத்துல்லா தமிழில் சொன்னார். "ஒண்ணும் வேணாமாம் காக்கா. காலு இருக்கிறவங்க யாரும் வரலாமாம்."

"அப்படியா? பெரிய ஆளுதான் இவரு. எடுத்த எடுப்பிலேயே ஒண்ணும் வேணாம்னு சொல்லி விலையை ஏத்துறாரே!"

அப்துல் பாரி தோள்துண்டை எடுத்து இருவர் கைகளுக்கும் மேலே போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொன்னார். ஒனோரே அன்போடு கையைக் குலுக்கினார். பத்து பட்டுக்குடை, இருபது பட்டுக்குடை என்று பேச்சு ஏறியது. இலவசம் என்றார் ஒனோரே. அந்த ஊரில் ரொட்டிக்கு ஒரே விலை, திராட்சைக்கு ஒரே விலை, வழிக்கு விலையே கிடையாது. அப்துல் பாரிக்கு வேர்த்துவிட்டது. இப்படி அசையாமல் நிற்கிற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைசியில், இந்தத் தெருவில் நடக்கப் பழகிய குழந்தைகூடச் செய்கிற வேலையைச் செய்தார். துண்டை உதறித் தோளில் போட்டு, "உன் வழியும் வேணாம், ஊரும் வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நாலு எட்டில் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை. தெருமுனைவரை போனார், சரிவில் இறங்கினார், மாடிப்படியும் இறங்கிக் கடைக்கே வந்து, கல்லாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மேலே பர்கத்துல்லா அதை ஒழுங்காக மொழிபெயர்த்துவிட்டிருந்தார். மேலூருக்குச் சொன்ன சொல்தான் அர்த்தம். வேண்டாம் என்கிற வீட்டில் தங்க அதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மலை மாடியைவிட்டு ஒரு சாண் எழும்பியது. நசுங்கிய மிளகாய் மறுபடி உருண்டது.

பர்கத்துல்லா படியில் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். "காக்கா! ஊரு கிளம்புது! மதீனா லாத்தா பாதி மலையில இருக்காங்க!"

கீழே கடல். அப்துல் பாரி அதைத்தான் நினைத்தார். மலை போய்விட்டால் அதிராம்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படி ஏறினார். ஏறும்போதே, தம் தொழில் வாழ்க்கையில் ஒருநாளும் வாயால் சொல்லாத வார்த்தையைக் கத்தினார்: "வேணும்! எனக்கு வேணும்! என்ன ஆனாலும் வேணும்!"

தெரு ஒரு கணம் ஸ்தம்பித்தது. அப்துல் பாரி மரைக்காயர் ஒரு பொருளை வேண்டுமென்று வெளிப்படையாகச் சொல்கிறாரா? அப்படியானால் மாடியில் விற்பது சாமானியச் சரக்கு இல்லை. துணிக்கடைக்காரர் முழக்கோலோடு ஓடினார். அத்தர் கடைக்காரர் ஓடினார். பாதி முகம் மழித்திருந்தவர் சோப்பு நுரையோடு ஓடினார். பழனியப்பனே ரிக்ஷாவிலிருந்து குதித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நடந்து, நடந்தது போதாதென்று ஓடி, ஒரு சாண் இடைவெளியைத் தாண்டி மலைமேல் ஏறி, "அட, இங்கே ஊரு இருக்குதே!" என்று அலறினார். "யாருக்கும் கொடுக்காதே, எனக்கு வேணும்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அத்தனை கால்களையும் அத்தனை வேண்டும்களையும் தாங்கிய மலை மெல்லத் தாழ்ந்து, தொப்பென்று மாடியில் உட்கார்ந்தது. மிளகாய் இந்தத் தடவை பொடியே ஆகிவிட்டது.

மேற்கு மதில் வாசலில் மதீனா பீவி வந்து நின்றாள். பாதத்தில் அதிராம்பட்டினத்து மணல். மூட்டையில் கருவாடும் ஒரு குட்டி உரலும். மூச்சிரைக்க நின்ற புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாதி வழியில மலை ஆடுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, மேல நீங்க பேரம் பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு."

"பேசி முடிச்சாச்சு" என்றார் அப்துல் பாரி.

"என்ன விலைக்கு முடிச்சீங்க?"

அவர் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

மேலூர் அங்கேயே இருந்துவிட்டது. நகராட்சி அதற்குக் குழாய் வரி போட்டது. மா சேன் மருமகன் அங்கே மணியடிக்கிறான். மதீனா பீவி வந்த மறுவாரமே ரொட்டிக் கடைக்காரியிடம் பேரம் பேசி விலையை இறக்கிக் காட்டியதில் மேலூர் ஜனங்கள் கண்விழித்துக்கொண்டார்கள். இப்போது அங்கே ஒரு கொத்து திராட்சை வாங்க அரை நாள் ஆகிறது. கீழே குடைக்கடையில் மட்டும் ஒரே விலைதான். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் அப்துல் பாரி கல்லாவைவிட்டு எழுந்து, தெருமுனைவரை ஓடிப்போய் அவர்களைக் கூட்டி வருவார்.