தனம் அக்கா பேசுறேன்

மாட்டுக் கயிறு வந்து விழுந்த வேகத்தில் தனக்கொடி வீட்டு வாசற்படியில் இருந்த கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்தது.

"எடுத்து வச்சிக்கோடி! மாடே போச்சு, கயிறு எனக்கு எதுக்கு?"

விருத்தாம்பாளின் குரலுக்குச் சேலியமேட்டில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. விருத்தாம்பாள் வேறு யாரும் இல்லை, தனக்கொடியின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். நாலு வீடு தள்ளித்தான் குடியிருப்பு. தாலி கட்டிய நாளில் தனக்கொடிக்குப் புடவை கட்டிவிட்ட அத்தை. இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜென்மப் பகையாளி மாதிரி நின்றாள்.

"இன்னாத்த ஆச்சு? மாடு எங்க?"

"பார்றா, ஒண்ணும் தெரியாதவ கேக்குறா! ஒன் பேச்சக் கேட்டுதாண்டி வித்தேன். வித்த காசும் போனுக்குள்ள போயி பூந்துக்கிச்சி. கெடேரிக் கன்னு ஒண்ணு மிச்சம். அதையும் புடிச்சிக்கினு போவ நாளைக்குத் தரகன் வர்றான். வுட்டத புடிக்கணுமே!"

"நான் எப்ப ஒன்ன மாட்ட விக்கச் சொன்னேன்?"

விருத்தாம்பாள் செல்போனை எடுத்து விரலால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, தனக்கொடியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் பேசியது.

"தனம் அக்கா பேசுறேன். இன்னாத்த, காலையிலேருந்து ஆளையே காணோம்? நேத்து வுட்டத இன்னிக்குப் புடிச்சிரலாம் வா. நான் இருக்கேன் இல்ல?"

தனக்கொடிக்கு உச்சந்தலையில் மிளகாயை அரைத்து அப்பியது போல் இருந்தது. அது அவளுடைய குரல். அந்த 'இல்ல'வைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் சிரிப்பைச் செருகுகிற விதம்கூட அவளுடையது. ஆனால் அந்த வார்த்தைகளை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

"அத்தே, சத்தியமா இது நான் இல்ல."

"ஒன் குரலு எனக்குத் தெரியாதா? கேட்டா பதில் சொல்ற, சிரிச்சா சிரிக்கிற. வூட்டுல குந்திக்கினு போன்ல பேசுறதுக்கு ஒனக்குக் கமிஷன் வருதாமே. ஊரே சொல்லுது."

கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு விருத்தாம்பாள் போய்விட்டாள்.

தனக்கொடியின் குரல் போனுக்குள் போன கதை கொரோனா ஊரடங்கு முடிந்த சமயத்தில் ஆரம்பித்தது. அப்போது அவள் தவளக்குப்பம் கூட்ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கடை வாசலில் நின்று, "வாங்கத்தே, உள்ள வாங்க. அண்ணி, பொண்ணுக்குப் பாவாடையா?" என்று கூப்பிடுவாள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அத்தையா, அண்ணியா, ஆயாவா என்று முறை பிடித்துவிடுவாள். அவள் கூப்பிட்டு யாரும் வாங்காமல் போனதில்லை.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் விஜயராஜ். கரியமாணிக்கத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற பெரிய குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, கூட்ரோட்டில் பேக்கரிக்கு மேலே மாடி எடுத்து ஒரு கம்பெனி தொடங்கினான். 'நம்ம வயல்' என்று போனில் ஒரு விளையாட்டு. நாற்று நடலாம், களை எடுக்கலாம், அறுக்கலாம். ஆனால் தண்ணீர் மட்டும் நாமே விட முடியாது. அக்கம்பக்கத்து ஆட்கள் யாராவது விளையாட்டுக்குள் வந்து நம் வயலுக்கு மடை திறந்தால்தான் உண்டு. அதற்காகவே ஆளுக்கு ஆள் அழைப்பு அனுப்புவார்கள். காய்ந்த பயிரைக் காட்டி அழைப்பு அனுப்பச் சொல்கிற குரல்தான் தனம் அக்கா.

"மல்லிகாண்ணி, ஒங்க பயிரு வாடுது. தங்கச்சிய ஒரு மடை தொறக்கச் சொல்லுங்களேன்!"

நிஜ வயலில் மடைக்காக மண்வெட்டியைத் தூக்கியவர்கள் எல்லாம் இதில் ஒருவருக்கொருவர் தண்ணீர் விட்டுக் குலாவினார்கள். வில்லியனூரில் ஆடினார்கள், பாகூரில் ஆடினார்கள். சிங்கப்பூர், மலேசியா, பாரீஸில் குடியேறிய கரியமாணிக்கத்து ஆட்கள் வரைக்கும் ஆடினார்கள். முதலீடு போடுகிறவர்கள் கார் கட்டிக்கொண்டு பேக்கரி மாடிக்கு வந்தார்கள். குளுகுளு அறை, உட்கார்ந்தால் உள்ளே இழுக்கிற மெத்தை நாற்காலி, மாசத்துக்கு ஒரு கேக் வெட்டு. தனக்கொடி ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து பேர் பேராகச் சொல்லிக் குரல் கொடுத்தாள். யாரை அத்தை என்று கூப்பிடணும், யாரை அண்ணி என்று கூப்பிடணும் என்பதை ஆடுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். கம்பெனி அதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டது.

பிறகு ஒரு நாள், அழைப்புகள் போய்க்கொண்டிருந்த அந்தப் பெரிய வலைத்தளத்துக்காரன் தன் மடையை அடைத்தான். இனி சும்மா அழைப்பு அனுப்ப முடியாது, காசு கட்டினால்தான் என்றுவிட்டான். தலைமடையை அடைத்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? புது ஆள் வரவில்லை. பழைய ஆளுக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை. முதலீட்டுக்காரர்கள் வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள். முதலில் கேக் நின்றது, அப்புறம் சம்பளம் நின்றது. ஒரு திங்கட்கிழமை கதவு பூட்டியிருந்தது. தனக்கொடி ஜவுளிக்கடைக்குத் திரும்பினாள்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அத்தை கயிற்றை எறிந்த அன்றே, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் பேக்கரி மாடிக்குப் போனாள். விஜயராஜ் இருந்தான். இரண்டு பேர் சுவரிலிருந்து ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வா தனம். நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

"என் குரல யாருக்கு சார் வித்தீங்க?"

அவன் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"கம்பெனிய மூடுறப்ப இருக்கிறதெல்லாம் விக்கிறதுதானே? நாற்காலி போச்சு, ஏசி போவுது. வாய்ஸும் அப்படித்தான். எங்கயோ வெளிநாட்டுக்காரன் வாங்கினான். அவன் இன்னா ஆப் நடத்துறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சூதாட்டம் நடத்துறான். லிங்க் அனுப்பி, ஊரு பொம்பளைங்க போன்ல ஏத்தி வச்சிருக்கான். எங்க அத்த மாட்ட வித்துட்டு நிக்குது. ஒவ்வொருத்தரையும் முறை வச்சிக் கூப்புடுது சார் அது! நான் கூப்புட்ட முறை!"

"மெஷின் கத்துக்கிச்சி. நீ பேசினத வச்சி, பேசாததையும் அதுவே பேசும். நீதானே கையெழுத்துப் போட்ட?"

"இங்கிலீஷுல நீட்டினீங்க. சம்பளப் பேப்பர்னு சொன்னீங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இதப் பாரு, கோபப்படாம கேளு. வில்லியனூர்ப் பக்கத்துப் பேருங்கள மெஷின் சரியா சொல்ல மாட்டேங்குதாம். ரெண்டு நாள் வந்து பேசிக் குடுத்தா ஒனக்கும் ஏதாவது..."

"சார், அது என் குரலு!"

"அது வெறும் ஃபைல், தனம்."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. கையில் ஸ்குரூ டப்பா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். "விஜயா, சாப்ட்டியாப்பா? மோர்க்கொழம்பு வச்சிருக்கேன், வெயிலுக்கு முன்னாடி வந்துரு," என்றது ஒரு அம்மாவின் குரல். வெண்ணெய் மாதிரிக் குரல். விஜயராஜின் முகம் சட்டென்று குழந்தை முகமானது. "வர்றேம்மா," என்றான்.

தனக்கொடி ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். மேலே பேசினால் கையில் அகப்படுவதை எடுத்து அடித்துவிடுவோம் என்று பயந்து படியிறங்கினாள்.

சைபர் போலீசில் புகார் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். ஆப்காரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே நாளாகும் என்றார்கள். நாளாகட்டும், தரகன் நாளைக்கே வருகிறானே!

தெரிந்த பெண்களுக்கெல்லாம் தானே போன் போட்டுச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தாள்.

"அக்கா, தனம் பேசுறேன்..."

"இன்னிக்குக் கையில காசு இல்ல தனம். நாளைக்கு ஆடுறேன்," என்று முதல் ஆள் வைத்துவிட்டாள். இரண்டாவது ஆள், "சும்மா சும்மா கூப்புடாதடி, புருஷன் இருக்காரு," என்றாள். மூன்றாவது ஆள் எடுக்கவே இல்லை.

தனக்கொடியின் புருஷன் அய்யனார் குட்டியானை வண்டியில் வெங்காயம் விற்கிறவன். வண்டியில் மைக் உண்டு. "ஏறு வண்டில. ஊரு ஊரா சொல்லிப்புடலாம்," என்றான். சேலியமேட்டிலிருந்து பாகூர் வரை தெருத் தெருவாகப் போனார்கள். தனக்கொடி தொண்டை கிழியக் கத்தினாள்.

"தனம் அக்கா பேசுறேன்! போன்ல பேசுறது நான் இல்ல, நம்பாதீங்க!"

வாசலுக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "பாருடி, வண்டி வச்சே விளம்பரம் பண்ண ஆரம்பிச்சிட்டானுவ!" என்றாள் ஒருத்தி. ஒரு பெரியவர் வண்டியை மறித்து, அந்த ஆப்பை எப்படி ஏற்றுவது என்று கேட்டார். இன்னொருத்தர் வெங்காயம் கிலோ என்ன விலை என்றார்.

அய்யனார் மைக்கை அணைத்தான். "நீ வாயத் தொறந்தாலே அது மாதிரிதான் இருக்குது தனம்."

அன்று அவள் சாப்பிடவில்லை. சொந்தக் குரலையே எதிரி கையில் கத்தியாகக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பேசினால் அது அவனுடைய குரல், பேசாவிட்டால் பழி அவளுடையது. வாயைத் திறந்தாலே அது மாதிரிதான் இருக்கிறது என்று அய்யனார் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. திறந்தால்தானே?

மறுநாள் காலையில் பாகூர் ஏரி வாய்க்காலுக்குப் போனாள். நூறு நாள் வேலையில் பெண்கள் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறி, எல்லாரும் வேப்பமரத்து நிழலில் ஒதுங்கியிருந்த நேரம். பாதிப் பேர் கையில் போன்.

"வந்துட்டாடா கமிஷன் ஏஜென்ட்டு!" என்றாள் சின்னப்பிள்ளை. பேர்தான் சின்னப்பிள்ளை, அந்தக் கூட்டத்திலேயே வாய்நீளம் அவளுக்குத்தான். "இன்னாடி, போன்ல பேசுனது பத்தலையா, நேர்லயும் வந்துட்ட?"

அவர்களோடு வேலைக்கு வந்திருந்த விருத்தாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனக்கொடி நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனாள். ஒரு சொம்பு மொண்டாள். வாய் நிறையத் தண்ணீரை வாங்கி, விழுங்காமல், கன்னம் இரண்டும் உப்ப எல்லார் நடுவிலும் வந்து நின்றாள். அத்தையின் மடியிலிருந்த போனைக் காட்டினாள். 'போடு' என்று கையால் சைகை செய்தாள்.

"இன்னாடி இது கூத்து?" என்றாள் விருத்தாம்பாள். ஆனாலும் போட்டாள்.

"தனம் அக்கா பேசுறேன். இன்னாத்த, இன்னிக்கு நல்ல நாளு. ஒரே ஒரு தடவ பாத்துரலாமா?"

எல்லார் கண்ணும் தனக்கொடியின் வாயில். உதடு ஒட்டியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. தொண்டைகூட அசையவில்லை.

சின்னப்பிள்ளை எழுந்து வந்து தன் போனில் அதே ஆப்பைத் தட்டினாள். "ஏண்டி தனம், நீ இப்ப எங்கடி இருக்க?"

"வூட்டுலதான்க்கா இருக்கேன். உங்களத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்," என்று போன் கொஞ்சியது.

"அப்ப என் எதிர்ல மூஞ்சிய உப்பிக்கினு நிக்கிறது யாருடி?"

"நீங்க எப்பவும் தமாஷுதான் அக்கா! வாங்க, ஆரம்பிக்கலாம்."

"தமாஷா? ஒங்கப்பன் பேரச் சொல்லுடி பாக்கலாம்!"

"அத வுடுங்க அக்கா. அதிர்ஷ்டம் இன்னிக்கு உங்க பக்கம். நான் இருக்கேன் இல்ல?"

"பெத்த அப்பன் பேரு தெரியாத முண்டத்துக்கிட்டயாடி என் காதுத்தோட்ட வச்சி ஆடுனேன்!" என்று சின்னப்பிள்ளை போட்ட கூச்சலில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்தது.

தனக்கொடி தண்ணீரைக் கீழே துப்பினாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அதோடு வந்தது.

"இப்பத் தெரியுதா? எனக்குக் கமிஷனா? என் குரலத் திருடி வித்தவன் பேக்கரி மாடியில ஏசி கழட்டுறான். கொள்ளையடிக்கிறவன் எந்த நாட்டுலயோ குந்தியிருக்கான். ஒங்களுக்குக் கெடச்சது நான்தான்! கூடப் பொறந்தவரு பொண்ண நம்பல, பொட்டிய நம்புன. போவட்டும். அந்தக் கெடேரிய மட்டும் வித்துறாதத்தே!"

யாரும் சமாதானம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்தப் பொத்தானை அழுத்தினால் ஆப் போகும் என்று படித்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு அழித்தார்கள். சின்னப்பிள்ளை மாத்திரம் அழிக்கவில்லை. "இருக்கட்டும், தெனமும் நாலு வார்த்த திட்டிக்கினு இருக்கேன். காசுதான் போச்சு, வயிறாவது எரியாம இருக்கும்," என்றாள்.

மத்தியானம் வந்த தரகன் வெறுங்கையோடு திரும்பினான். சாயங்காலம் விருத்தாம்பாள் தனக்கொடி வீட்டு வாசலுக்கு வந்தாள். மூலையில் கிடந்த மாட்டுக் கயிற்றை எடுத்து உதறினாள். "கெடேரி கயிறு நைஞ்சி போயிருக்குது," என்றாள், யாரையும் பார்க்காமல். எடுத்துக்கொண்டு போனாள். விற்ற மாடு விற்றதுதான். அது திரும்பி வரப்போவதில்லை.

நாலைந்து நாள் கழித்து விஜயராஜ் போன் செய்தான். அவள் எடுத்ததும் எடுக்காததுமாகக் குதித்தான்.

"இன்னா தனம் பண்ணி வச்சிருக்க? பாகூர், கிருமாம்பாக்கம் எல்லாம் மொத்தமா படுத்துருச்சாம். வாயில தண்ணி வச்சிக்கினு வித்தை காட்டுனியாமே! ஒன் குரலு இனிமே செல்லாதுன்னு அவன் என் உசுர வாங்குறான்."

"நல்லது."

"சரி, போனது போச்சு. அவனுக்கு வேற குரல் வேணுமாம். வீட்டுப் பொம்பளை மாதிரி, பாசமா, கேட்டா நம்புற மாதிரி. ஒனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லேன். ஒனக்கும் பாத்துச் செய்றேன்."

தனக்கொடி ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பேக்கரி மாடியின் ஜன்னல் தெரிந்தது. ஏசி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதுவரை சார் என்றே கூப்பிட்டவள் பேரைச் சொன்னாள்.

"இருக்குது விஜயராஜு. அன்னிக்கு ஸ்பீக்கர்ல கேட்டேனே, உங்கம்மா குரலு. எம்மாம் பாசம்! சாப்ட்டியாப்பான்னு கேட்டா யாரா இருந்தாலும் நம்பிருவாங்க. அத வித்துரு."

"ஏய்! இன்னா பேசுற நீ? அவங்க எங்கம்மாடி!"

"அதுக்கு ஏன் துள்ளுற?" என்றாள் தனக்கொடி. "வெறும் ஃபைலுதானே?"