வலது கன்னம்

மகளின் வலது கன்னத்தில் தடிப்பு தெரிந்த நாளிலிருந்து அம்மா சந்தேகப்பட்டது தன்னைத்தான். ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விரிப்பும் துண்டும் நாள் முழுக்க மருந்துத் தண்ணீரில் புரளும் இடம். அந்த நெடி தலைமுடியோடு வீடு வரைக்கும் வந்துவிடும். ஒரே கட்டிலில் படுக்கும் பிள்ளைக்கு அதுதான் ஆகவில்லை என்று முடிவுகட்டினாள்.

வேலைவிட்டு வந்ததும் தலைக்குக் குளித்தாள். சோப்பை மாற்றினாள். தலையணை உறையை வெந்நீரில் அலசினாள். முட்டையை நிறுத்தினாள், பிறகு பாலை.

"அடுத்தது என்ன, சோத்தையா?" என்றாள் மகள். பதின்மூன்று வயது. சொறிந்து சொறிந்து கன்னம் செம்புத் தகடாகியிருந்தது.

கணவன் வேறு குடும்பம் தேடிக்கொண்டபின் இந்த ஊருக்கு வந்தவர்கள் இருவரும். யோசனை கேட்கவும் ஆளில்லை. கடைசியில் வகுப்பு டீச்சர்தான், "ஒட்டுற வியாதியான்னு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வரச் சொல்லு உங்கம்மாவ" என்று சொல்லி அனுப்பினார். வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஏற்கெனவே இடம் மாறிவிட்டிருந்தாள்.

தோல் டாக்டர் மகளின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பா இருந்தா ரெண்டு கன்னத்துலயும் வரணுமே. போன் எந்தக் காதுல வெச்சுப் பேசுவ?"

மகள் வலது காதைத் தொட்டாள். பையிலிருந்து போன் வந்தது. அம்மாவின் பழைய போன். ஓரத்துச் சாயம் உரிந்து உலோகம் பல்லிளித்தது. டாக்டர் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு மருந்து விட்டு அந்த ஓரத்தைத் தேய்த்தார். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது.

"நிக்கல். சில பேர் தோலுக்கு ஆகாது. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க. களிம்பு தரேன். போனுக்கு ஒரு உறை போட்டுடுங்க." மகள் பக்கம் திரும்பினார். "தினமும் எவ்வளவு நேரம்மா பேசுவ?"

"மத்தியானம் சாப்பாட்டு நேரம் பூரா."

"சிநேகிதிங்ககூடவா?"

"ம்."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த போனில் சிம் கார்டே கிடையாது. அலாரம் வைக்கவும் படம் பார்க்கவும்தான் கொடுத்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபிறகுதான் கேட்டாள். "அதுல கார்டு இல்லையேடி."

"தெரியும்."

"அப்போ யார்கிட்டப் பேசுற?"

"யார்கிட்டயும் இல்ல. தனியா உக்காந்திருந்தா எல்லாரும் பாக்குறாங்க. காதுல போன் இருந்தா பாக்க மாட்டாங்க."

"என்னதான் பேசுவ?"

"'அப்படியா'ம்பேன். 'அப்புறம்'ம்பேன். நடுவுல கொஞ்சம் சிரிக்கணும். அதுதான் கஷ்டம்."

அவர்களுடைய பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அன்றைக்கே கார்டும் ரப்பர் உறையும் வாங்கினாள். மறுநாளிலிருந்து மத்தியானமானால் மகள் கூப்பிடுவாள். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு கட்டடத்தின் பின்சுவருக்குப் போய்விடுவாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டுட்டே இருக்கேன்."

"நானும்தான்."

அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. ஒருத்தி மெல்லுவது மற்றவளுக்குக் கேட்டது. போகப் போகப் பழகியது. விரிப்புக்குள் யாரோ விட்டுப்போன பல்செட்டைப் பற்றி ஒருநாள் அம்மா சொன்னபோது, மகள் கஷ்டப்படாமல் சிரித்தாள்.

கன்னம் மெல்ல ஆறியது. சிவப்பு போய், லேசான கறுப்பு மட்டும் தங்கியது.

ஒருநாள் மத்தியானம் போன் வரவில்லை. அம்மா டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தானே கூப்பிடலாமா என்று விரல் குறுகுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கன்னத்துல என்னன்னு ஒருத்தி வந்து கேட்டாம்மா. அவளுக்கு வாட்ச் கட்டுற இடத்துல இதே மாதிரி வருமாம். பேசிட்டே இருந்ததுல மணியடிச்சிடுச்சு. உனக்கு போன் பண்ண மறந்துட்டேன்."

"மறந்தா என்ன இப்போ? நாளைக்கும் அவகூடவே சாப்பிடு."

மறுநாள் போனைப் பையிலேயே விட்டுவிட்டு அம்மா பின்சுவருக்குப் போனாள். சுவருக்கு உள்ளே இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. மெதுவாகத்தான் சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தபிறகும் சாப்பாட்டு நேரம் நிறைய மிச்சமிருந்தது.