தரையில் படுக்காத நாள்

கராச்சர்மா என்ற தீவு ஊரில், ஆரோக்கியசெல்வி வீட்டுச் சமையலறைத் தட்டில், மாதா சுரூபத்தின் காலடியில், அந்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது.

"மாதாவுக்கா வயித்துவலி?" என்றாள் ஷீபா. "எங்கிட்ட குடும்மா."

ஆரோக்கியசெல்வி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருத்தடை மாத்திரைதான், ஆனால் ஷீபாவுக்கு அது வலிக்கான மருந்து என்று டாக்டரம்மா இந்தியில் பொறுமையாக விளக்கியிருந்தார். புரிந்தது. பதினேழு வயது மகளிடம் எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை. மாதவிலக்கு வந்தால் ஷீபா வாந்தியெடுத்து, குளிர்ச்சிக்காகச் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடப்பாள். அரையாண்டுப் பரீட்சையின் நடுவே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். முழு ஆண்டுப் பரீட்சையிலும் அப்படி ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு போய்விடும்.

சனிக்கிழமை ஆரோக்கியசெல்வி கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"சாமி, எம் மக மாத்திரை போடப்போறா."

"என்ன மாத்திரை?"

"புள்ள உண்டாகாம இருக்க போடுவாங்கல்ல, அது."

"எதுக்கு?"

"வயித்துவலிக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தது."

தட்டிக்கு அப்பால் சாமியார் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்.

"வயித்துவலிக்கு மருந்து சாப்பிடுறது பாவம்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான்."

"சரி, அடுத்த பாவத்தைச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மாத்திரை உளுந்தைவிடச் சின்னதாக இருந்தது. இதுவா அந்த வலியை நிறுத்தப்போகிறது?

முதல் மாதம் தலை சுற்றியது. வலி கொஞ்சம்தான் குறைந்தது. மூன்றாம் மாதம் பரீட்சை நாளன்றே மாதவிலக்கும் வந்தது. ஆரோக்கியசெல்வி வாளியையும் வெந்நீர்ப் பையையும் எடுத்து வைத்துவிட்டுக் கதவையே பார்த்தபடி நின்றாள்.

ஷீபா தலை பின்னிக்கொண்டே வந்தாள். "மீன் வறுத்தது இருக்கா?"

"வலிக்கலியாட்டி?"

"லேசா. எதுக்கு வாளி? சலோம்மா, சீக்கிரம், பஸ் போயிரும்."

சாப்பிட்டாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, விரலைச் சூப்பி, இன்னொரு துண்டு கேட்டாள். ஆரோக்கியசெல்வி துண்டை எடுத்து வைத்தாள். பேசினால் அந்தச் சாப்பாடு நின்றுவிடுமோ என்று பயந்தாள். வெள்ளைச் சீருடை தெருவில் இறங்கி, திருப்பத்தில் ஓடி மறைந்தது. இந்த நாளில் அந்தக் கால்கள் ஓடி அவள் பார்த்ததில்லை.

உள்ளே வந்து, மகள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். தரை சில்லென்றிருந்தது. இதே வலியோடுதான் அவளும் இத்தனை வருடங்களாக மீன் சந்தையில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெண் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தாள். வெயிலைப் போல, மழையைப் போல. அது நோயாம். அதற்கு மருந்து இருந்ததாம்.

பிறகு எழுந்து வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் ஷீபா பையை வீசிவிட்டு, "பரீட்சை ஈசிம்மா" என்றாள்.

ஆரோக்கியசெல்வி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க?"

"எதுக்கு? எனக்குத்தான் சரியாயிருச்சே."

"உனக்கில்லட்டி."