கண் கொட்டாத பெண் வேண்டும்

"கல்யாணத்த நிறுத்துங்க."

கனகாம்பாள் இதைச் சொன்னபோது அவளுடைய நாத்தனார் தையலம்மாள் மஞ்சள் கிழங்கை விளக்குச் சுடரில் காட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். நுனி கருகி, கூடமெல்லாம் நாற்றம். எதிரே கனகாம்பாளின் மகள், எட்டு வயது ருக்குமணி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது நெற்றிப்பொட்டில் நேற்று வைத்த சூடு கொப்பளித்து நீர் கோத்திருந்தது. அதன் மேல் ஒரு ஈ. இன்றைக்கு வலது பக்கம். குழந்தையின் இமைகள் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தன.

எது வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று பரிசம் போட்ட அன்றே உலகநாதன் மனைவியிடம் சொல்லியிருந்தான். மாப்பிள்ளை அவன் அக்காள் தையலம்மாளின் மகன் அரங்கநாதன். வயது இருபத்தாறு. இது இரண்டாந்தாரம்.

"இன்னாடி சொன்ன?" தையலம்மாள் கிழங்கைக் கீழே வைக்கவில்லை.

"நிறுத்துங்கன்னேன் அண்ணி. சூட்டையும்தான், கல்யாணத்தையும்தான்."

"கேட்டியாடா தம்பி, உன் பொண்டாட்டி பேச்ச? வாசல்ல பந்தல் நிக்குது. மாப்ள வூட்டு வண்டி எல்லையத் தாண்டி வந்துக்கினு இருக்குது. இவ நிறுத்துன்றா!"

எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே சாரதா சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினாலு நிரம்பாத பெண்ணுக்குத் தாலி ஏறினால் கோர்ட்டு, அபராதம், ஜெயில். இவர்கள் ஊரான மடுகரையோ பிரெஞ்சுக்காரன் மண். ஒரு வரப்பைத் தாண்டிவிட்டால் போதும், குற்றம் சுபகாரியமாகிவிடும். அந்த வருஷம் முகூர்த்த நாள் தவறாமல் அயலூர் வண்டிகள் மடுகரைத் தெருவில் வந்து நின்றன. பால்பல் விழாத மணப்பெண்கள் வைக்கோல் மெத்தையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஊரார் பந்தியில் உட்கார்ந்து பாயசம் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

ருக்குமணிக்குக் கண் கொட்ட ஆரம்பித்தது போன தை மாதம். அரங்கநாதனின் முதல் மனைவி செங்கமலம் பிள்ளைப்பேற்றில் செத்தாள். பதின்மூன்று வயது. துக்கத்துக்குப் போன இடத்தில், பிணம் முற்றத்தில் கிடக்கும்போதே, அதன் சேலையில் ரத்தம் காயும் முன்பே, தையலம்மாள் ருக்குமணியின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "அழுவாதடி கண்ணு. அடுத்தது நீதான எங்க வூட்டுக்கு" என்றாள். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போதே குழந்தையின் இமைகள் அடிக்கத் தொடங்கிவிட்டன.

வைத்தியம் நடந்தது. கண்ணில் வெங்காயச் சாறு பிழிந்தார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கொட்டும்போதெல்லாம் அப்பன் தலையில் குட்டினான். தெருப் பிள்ளைகள் "மின்மினி" என்று கூப்பிட்டார்கள். எதற்கும் நிற்காததால், செத்தவளின் பார்வை பிடித்திருக்கிறது என்று குறி சொல்பவன் சொன்னான். சூடு வைத்தால் இறங்குமாம்.

தேர் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கனகாம்பாள் ஒருமுறை குழந்தையை வில்லியனூரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தாள். அவர் இமையைத் திருப்பிப் பார்த்தார். தூசியில்லை, உள்ளே மடங்கிய மயிரும் இல்லை. தூரத்துப் புளியமரத்துக் காக்கைகளை எண்ணச் சொன்னார். தப்பில்லாமல் எண்ணினாள்.

"கண்ணுல குத்தமில்லம்மா. மனசுல பயம் இருந்தா சில புள்ளைங்களுக்கு இப்படி ஆவும். அது வேணும்னு செய்யல. குட்டாதீங்க, சொல்லிக் காட்டாதீங்க, பாத்தும் பாக்காத மாதிரி இருங்க. எத்தக் கண்டு பயப்படுதோ அத்தத் தூர வைங்க. தானா விட்டுடும்."

உலகநாதனிடம் வந்து சொன்னதற்கு அவன் கேட்டான்: "மருந்து குடுக்காதவன் இன்னா டாக்டரு?"

இப்போதும் அவன்தான் பேசினான். "நாளைக்கு மணையில உக்காந்துக்கினு இது கண்ணக் கொட்டினா சபையில இன்னா பேசுவான்? பொண்ணு இப்பவே மாப்ளையப் பாத்து கண்ணடிக்குதும்பான்."

தையலம்மாள் சிரித்தாள். எட்டு வயதுப் பெண்ணைப் பற்றிப் பெற்ற தகப்பன் சொன்னதற்கு அத்தைக்காரி சிரித்த சிரிப்பு. கனகாம்பாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"செத்தவ பார்வைன்னு சொல்றீங்களே அண்ணி, அவ இன்னா பண்ணா? உங்க வூட்டுல வந்து செத்துட்டு, பழியும் அவளே சொமக்கணுமா?"

"அடச்சீ, வாய மூடு. நான் ஒம்போது வயசுல வாக்கப்பட்டவ. தேஞ்சா போயிட்டேன்?"

தேயவில்லைதான். நன்றாகக் காய்த்துப் போயிருந்தாள், தம்பி பெண்ணின் நெற்றியில் நெருப்பு வைக்கக் கை நடுங்காத அளவுக்கு.

அவள் கிழங்கை நீட்டினாள். கனகாம்பாள் குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து, கிழங்கை அதே விளக்கில் அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"எழுந்திரு ருக்கு."

குழந்தை எழுந்தது. கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் துணிமூட்டை விடியற்காலையே தயாராக இருந்தது. எல்லைக்கு அப்பால் சிறுவந்தாட்டில் இருக்கும் அண்ணன் சுப்பராயலுவுக்கு முந்தாநாளே சொல்லி அனுப்பியாயிற்று. நிறுத்துங்கள் என்று கேட்டது, இவர்களில் ஒருத்தராவது மனுஷராக இருக்கிறாரா என்று பார்க்கத்தான்.

"வாசப்படி தாண்டின, அப்பறம் இந்த வூடு உனக்கில்ல!" என்று கத்தினான் உலகநாதன்.

"தெரியும்."

"எங்கடி போற?" தையலம்மாள் வாசல்வரை ஓடிவந்தாள்.

"கண்ணுக்கு மருந்து பாக்க."

"எந்த ஊருல?"

"உங்க சீமையிலதான் அண்ணி. எங்க அண்ணன் வூட்டுல இருப்போம். உங்க புள்ளைய அங்க வந்து தாலி கட்டச் சொல்லுங்க, பாக்கலாம்."

தையலம்மாளின் கண்கள் படபடவென்று கொட்டின. அதற்கு யாரும் சூடு வைக்கவில்லை.

பெரிய ரோட்டில் மாப்பிள்ளை வீட்டு வண்டிகளின் சலங்கைச் சத்தம் கேட்டது. கனகாம்பாள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக் கரும்புக் கொல்லை வரப்பில் இறங்கினாள். ருக்குமணியின் கண்கள் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தன. கனகாம்பாள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நடந்தாள்.