டைரியில் தொண்ணூறு நிமிடம்

பொறாமைப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டுமென்று யார் சொன்னது? மும்பை மாட்டுங்கா அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு ஊசி மருந்தின் மேலேயே பொறாமை வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு ரிடையரான மனுஷருக்கு! சிரிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

அவர் மனைவி பாகீரதிக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. இரண்டு மணி நேரம் போனால்தான் காபி டம்ளரையே பிடிக்க வரும். அத்தனை வருஷமும் அவளுக்குத் தலை பின்னி விட்டது அவர்தான். ஊறுகாய் பாட்டில் திறந்தது, குர்லா ஸ்டேஷன் படிகளில் கைபிடித்து ஏற்றியது எல்லாம் அவர்தான். வாயால் அலுத்துக்கொள்வார். ஆனால் ஏழு மணிக்கு அவள் சீப்பை நீட்டிவிட்டு முதுகைக் காட்டி உட்காரும்போது, உள்ளுக்குள் ராஜா மாதிரி இருக்கும்.

போன மார்ச்சில் செம்பூர் கிளினிக் ஒன்றில் புது மருந்து ஆராய்ச்சிக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. காலையில் விரல் இறுக்கம் எத்தனை நிமிடம் இருந்தது என்று தினமும் டைரியில் குறிக்க வேண்டும். பதினாறாவது வாரம் அந்த டைரியைப் பார்த்து, இறுக்கம் குறையவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். பாகீரதிக்குப் பேனா பிடிக்க வராது. அவள் சொல்ல, அவர் எழுதலாம் என்று ஆராய்ச்சி வேலைகளைக் கவனிக்கும் சுஷ்மா அனுமதித்திருந்தாள்.

எட்டாவது வாரம் ஒரு நாள் அவர் சீப்போடு போனால், அவள் பின்னி முடித்துப் பூவும் வைத்துக்கொண்டு நிற்கிறாள்!

"ஏன்னா, இன்னிக்குப் பத்து நிமிஷம்தான். எழுதிக்கோங்கோ" என்றாள் சந்தோஷமாக.

அவளுக்கு ஒரு சிநேகிதி வேறு முளைத்திருந்தாள். அதே ஊசிக்கு வரும் தாராவி ரோஸி. போனை எடுத்தாலே, "யக்கா, தாதருக்கு வாரியளா? பூ வாங்கிட்டு வருவோம்!" என்று அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்கும். இவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குர்லா படிகளில் அவர் கையை நீட்டினால், "நானே ஏறிடறேன்னா" என்று முன்னால் போய்விடுவாள். அவருக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷம் நான் செய்ததை ஒரு ஊசி வந்து தட்டிப் பறித்துக்கொண்டதே என்று எரிந்தது.

ஒரு காலை அவள் பத்து என்று சொல்ல, அவர் டைரியில் தொண்ணூறு என்று எழுதினார். ஒரு நாள் ஆத்திரம், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுநாளும் எழுதினார். பிறகு கை பழகிவிட்டது. அட பாவி மனுஷா, அது யாருடைய விரல்?

பதினாறாவது வாரம் சுஷ்மா டைரியைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"மாமி, டாக்டர் செக் பண்ணினா மூட்டெல்லாம் நன்னா இருக்கு. டைரியில தொண்ணூறு, நூறுன்னு இருக்கே. இப்படின்னா ஊசி இன்னியோட பந்த், நிறுத்திடுவா."

"தொண்ணூறா? நான் பத்துன்னுதானே சொன்னேன்!"

பாகீரதி டைரியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தி எழுதினேன்" என்றார் கடைசியில். "அவ மேல தப்பே இல்ல. ஊசிய நிறுத்திடாதேம்மா."

"எழுதினத அடிக்க முடியாது மாமா. டாக்டர் ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுதுவார். பதில் வர வரைக்கும் ஊசி கிடையாது."

"எனக்கு வேற டைரி குடும்மா" என்றாள் பாகீரதி. "இனிமே நானே எழுதிக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் புது டைரியைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆகியும் கமிட்டியிலிருந்து பதில் வரவில்லை. விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கின. ஒரு நாள் காலை அவள் பேனாவை முஷ்டியில் பிடித்து, கோணல்மாணலாக அறுபது என்று எழுதினாள். பிறகு சீப்பை எடுத்தாள். அது இரண்டு தரம் கீழே விழுந்தது. இரண்டாம் தரம் அனந்தகிருஷ்ணன் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு அவள் பின்னால் நின்றார்.

அவள் திரும்பிக் கையை நீட்டி, சீப்பை வாங்கிக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றாள். "விரல் நன்னா இருந்தாலும் உங்களையே பின்னி விடச் சொல்லியிருப்பேனே."

பிறகு முடியை மூன்றாகப் பிரித்து, மடங்காத விரல்களால் தானே பின்ன ஆரம்பித்தாள்.