கூட நடந்தவர்கள்

“ஏளா, செருப்ப எங்க ஒளிச்சு வச்ச?”

“யம்மா, சொல்றதக் கேளு, இனிமே நீ...”

“எங்க வச்சன்னு கேக்கேன்!”

“...ஹார்பர் ரோட்டுப் பக்கமே போவக் கூடாது. நேத்து கண்டெய்னர் லாரி உன் சேலையில உரசிட்டுல்லா போயிருக்கு!”

மரியதங்கம் வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் ஜெபசுதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். வயதானவர்கள் உடற்பயிற்சி செய்தால் ஞாபகம் நிற்குமா என்று உலகத்தில் எங்கே யார் ஆராய்ந்தாலும், அதையும் சேர்த்து முடிவைத் திருத்தி எழுதும் குழுவில் இருந்தாள்.

“நடந்தா மறதி அண்டாதுன்னு போன வருசம் நீதான சொன்ன?”

“அது போன வருசம். புதுசா வந்தா மாத்துவோம். இன்னைக்குக் காலையிலதான் மாத்தினோம். நடந்தவங்களுக்கும் உக்காந்து கைய நீட்டி மடக்கினவங்களுக்கும் வித்தியாசமே இல்லையாம்.”

“அடுத்த மாசம் தலைகீழா நிக்கச் சொல்லுவியளோ?” என்று கேட்டாளே தவிர, மரியதங்கத்தின் முகம் செத்துவிட்டது. அவளுடைய அக்கா, பெற்ற மகனையே ‘நீ யாருப்பா’ என்று கேட்டுவிட்டுச் செத்தவள். அந்தக் கதி தனக்கு வராது என்ற தைரியத்தையெல்லாம் அவள் இந்த நடையில்தான் வைத்திருந்தாள்.

“எந்த ஊர்க்காரன் சொன்னான்?”

“எந்த ஊரா? நம்ம ஊருதான். கோயில் ஹால்ல ஆராய்ச்சிக்குன்னு வந்தவங்க சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேர நடக்கவும் பாதிப் பேர உக்காரவும் விட்டாவள்லா, நீகூட நடக்கிற செட்டுல இருந்தியே. அதோட முடிவு வந்துதான் தராசே சாஞ்சிட்டு.”

“அதுவா!” மரியதங்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. “அட கோட்டிக்காரி, அதுல எல்லாருந்தான நடந்தோம்!”

“எல்லாரும்னா?”

“ரெஜினா மைனிக்கு உக்காருற சீட்டு விழுந்துட்டு. அப்ப அண்ணன், அவ புருசன், கடல்ல செத்து வருசம்கூட ஆவல. அவள அங்கன ஒத்தையில உக்கார வச்சிட்டு நாங்க கடக்கரையில சிரிச்சுக்கிட்டு நடப்பமா? கைய ஆட்டி முடிச்சதும் வா மைனின்னு கூட்டிட்டுப் போனோம். அவ வரவும் உக்காந்த செட்டு மொத்தமும் பின்னாலயே வந்துட்டு.”

“வேற எதுவும் செஞ்சியளான்னு அவங்கள்ட்ட கேட்டிருப்பாவளே?”

“கேட்டாவ. இல்லன்னு சொல்லுங்கன்னு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். அந்தப் புள்ளையளு மெட்ராஸ்லருந்து வந்து பாடுபடுதுவ. மனசு நோவக் கூடாதுல்லா?”

“நாங்க மாத்தின முடிவு காலையிலயே வெளியே போயிட்டும்மா. எந்தெந்த ஊர் டாக்டரெல்லாமோ அதப் பாத்துத்தான் சொல்லுவாங்க.”

“என்னன்னு சொல்லுவாவ?”

“நடக்கணும்னு அவசியமில்லன்னு.”

மரியதங்கம் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா... அப்ப நாங்க நடந்தது, ஒலகத்துல உள்ள கெழவியளயெல்லாம் உக்கார வச்சிட்டோ?”